ஆறாம் பாட்டுக்கும் ஏழாம் பாட்டுக்கும் நடுவில்

ஆறாவது பாட்டு முடிந்து ஏழாவது தொடங்குவதற்குள் ஓபோண்டோவுக்கு ஒரு முறை மூச்சு விடத்தான் நேரம் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரும்புக்காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிற செம்மண் சாலையில், தன் வாடகை பைக்கின் பின் சீட்டில் ஒரு வாத்தியாரையும் அவருடைய இரண்டு கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஐந்து முறை மூச்சு விட்டும் ஏழாவது பாட்டு வரவில்லை. குலுங்கலில் மெமரி கார்டு நழுவியிருக்கும் என்று டேங்கின் மேல் பொருத்தியிருந்த பாட்டுப் பெட்டியைத் தட்டினான். அதன் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பாட்டு நின்றால் எஞ்சின் சத்தமாவது கேட்க வேண்டும். அதுவும் கேட்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, கைப்பிடி உள்ளங்கையில் அதிர்ந்தது, சர்க்கரை ஆலையிலிருந்து வரும் புளித்த வாடை வழக்கம்போல மூக்கில் ஏறியது. ஆனால் கோழிகள் சத்தம் போடவில்லை, காற்று காதில் இரையவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற கரும்பின் காய்ந்த தோகைகள் ஒன்றையொன்று உரசுகிற சத்தம் மட்டும் மிகப் பக்கத்தில், யாரோ அவன் காதோரமாக அதை உரசிக் காட்டுவதுபோலக் கேட்டது. பிறகு ஏழாவது பாட்டு தடதடவென்று வந்து விழுந்தது.

“வாத்தியாரே, நடுவுல பாட்டு நின்னுச்சுல்ல?” என்று திரும்பாமலே கத்தினான்.

“எங்கய்யா நின்னுச்சு? என் காது கிழிஞ்சே போச்சு. இந்தக் கோழிங்க இனிமே முட்டை போட்ட மாதிரிதான்!”

ஓபோண்டோ சிரித்தான். 

அந்தப் பக்கத்து வாடகை பைக்குகளை யாரும் நம்பர் பார்த்து அடையாளம் காண்பதில்லை. பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். முன் கம்பியில் இரண்டு ஸ்பீக்கர், பின் சீட்டுக்கு அடியில் அதிர்கிற பெட்டி ஒன்று, மினுக்கும் சிவப்பு நீல விளக்குகள். யாருடைய பைக்கில் எந்தப் பாட்டு எந்த வரிசையில் ஓடும் என்பது ஊருக்கே மனப்பாடம். வேலிக்கு அந்தப்புறம் துணி துவைக்கிற பெண், தலை தூக்காமல், போவது ஓபோண்டோவா வேறொருவனா என்று சொல்லிவிடுவாள். ஓபோண்டோவின் பெட்டிதான் பைக் ஸ்டாண்டிலேயே பெரியது. அவன் வருகிறான் என்றால் முதலில் தகரக் கூரைகள் அதிரும்.

“இந்தப் பெட்டிய ஒரு நாள் ஆத்துல போடறனா இல்லையா பாரு,” என்பாள் அவன் மனைவி அக்கேயோ. “உள்ள இருக்கறது வெளிய வரும்போது அழாது, ஆடிக்கிட்டுதான் வரும்.”

அக்கேயோவுக்கு எட்டாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று ஆறாம் மாதத்திலும் மற்றொன்று பிறந்து மூன்று நாளிலும் போயின. இந்த முறை அவள் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூட அவன் விட்டதில்லை. வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அவனே வண்டியை மெதுவாக உருட்டி அழைத்துப்போய்க் காட்டிக் கொண்டுவருவான். இந்தக் குழந்தை உயிரோடு அவன் கைக்கு வர வேண்டும். உலகத்தில் வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆசையைத்தான் ராபுரு தொட்டான்.

ராபுருவும் அதே ஸ்டாண்டில் பைக் ஓட்டியவன். வாய் கொஞ்சம் நீளம். சனிக்கிழமை ராத்திரி ஊரில் நடக்கிற பாட்டு ஆட்டத்தில் பாடகன் முன்னால் ஒரு பண நோட்டை வைத்தால் பாட்டு நிற்கும். வைத்தவன் எழுந்து தன்னைப் பற்றிப் பெருமை பேசலாம், வேண்டாதவனைக் குத்தலாம். எல்லோரும் சிரித்து முடித்ததும் மறுபடி பாட்டு தொடங்கும். அன்று ராபுரு நோட்டை வைத்துவிட்டு எழுந்தான். “நான் ராபுரு! என் வாசல்ல மூணு ஜோடி சின்னச் செருப்பு கிடக்கும். ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டுட்டு, வீட்டுக்குப் போயி ஆட்டுக்குட்டிக்குப் பேரு வைக்கிறவன் இல்ல நான்!” என்றான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பதிலுக்கு நோட்டு வைத்து எழுந்து ஏதாவது சொல்வதுதான் வழக்கம். ஓபோண்டோ எழுந்து வீட்டுக்குக் கிளம்பினான். வீட்டில் நிஜமாகவே ஓர் ஆட்டுக்குட்டிக்கு அக்கேயோ பேர் வைத்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை ராபுரு காணாமல் போனான். அவன் அடிக்கடி எல்லை தாண்டிப் போய் நாலைந்து நாள் கழித்து வருகிறவன், அதனால் யாரும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எரித்த கரும்பை வெட்ட வந்தவர்கள் பாலத்தை ஒட்டிய வளைவுக்குப் பக்கத்தில் அவனைக் கண்டார்கள். சாலையிலிருந்து இருபது அடி உள்ளே பைக் கிடந்தது. இரண்டு காலும் ஒடிந்தவன் கையாலேயே மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டிச் சாலைப் பக்கம் நகர்ந்திருந்தான். பத்து அடி வந்திருந்தான். வெட்டுக்கு முன் தோகையை எரிக்க அந்த ஒரு துண்டுத் தோட்டத்துக்குத் தீ வைத்தது சனிக்கிழமை சாயங்காலம். அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் அந்த நான்கு நாளும் அந்த வளைவில் போய் வந்தவர்கள்தான். அடக்கத்தன்று ஒரு பைக்கை முன்னால் விட்டு, ராபுருவின் பாட்டை அதில் ஓடவிட்டு, முப்பது பைக் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் போனது. அவன் மனைவி ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டாள். “ஒருத்தர் காதுலகூடவா விழல?”

“பாட்டு ஓடிட்டிருந்துச்சு தங்கச்சி,” என்றார்கள். ஓபோண்டோவும் அதையேதான் சொன்னான்.

ராபுரு காணாமல் போன மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், ஓபோண்டோ அந்த வளைவில் உடைந்த பாலத்துக்காகக் கிளட்ச்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தபோது ஆறாவது பாட்டு முடிந்தது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் கரும்புக்குள்ளிருந்து, “ஓபோண்டோ,” என்று கேட்டது. கத்தல்கூட இல்லை, தொண்டை காய்ந்த கூப்பிடல். அது ராபுருவின் குரல் என்பதும், பாட்டை வைத்து அவன் தன்னைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதும் ஓபோண்டோவுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. குடித்துவிட்டு உருண்டு கிடக்கிறான், கிடக்கட்டும், ஒரு மணி நேரம் கெஞ்சட்டும், ஆட்டுக்குட்டிக்குப் பேர் வைக்கட்டும் என்று நினைத்தான். இடது கட்டைவிரலால் வால்யூமைக் கூட்டினான். திரும்பி வரும்போதும் கூட்டியே வந்தான். வெள்ளிக்கிழமை அந்த வளைவு வருவதற்கு அரை மைல் முன்பே கூட்டினான். நிறுத்திப் பார்த்தால், நேற்று ஏன் நிறுத்தவில்லை என்று அவன் கேட்பானே. சனிக்கிழமையும் அப்படியே.

இது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாத்தியாரை ஏற்றிப்போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போனது.

புதன்கிழமை அது பாலத்தில் தொடங்கிப் பள்ளிக்கூடத் திருப்பம் வரைக்கும் நீடித்தது. தோகைச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்க் களியைப் பிசைந்து குழம்பில் தொட்டு வாயில் வைக்கும்போது, அக்கேயோ சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டினாள், அப்போது புரிந்தது. காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டுகிற சத்தம். சுரண்டல், ஒரு நிறுத்தம், எதையோ இழுப்பது, மறுபடி சுரண்டல். கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். வியாழக்கிழமை அது ஆறாவது பாட்டுக்குப் பின்னால் மட்டும் வரவில்லை, எல்லாப் பாட்டுக்கும் நடுவில் வந்தது. மனைவியின் சமையல் வாசனை, ஸ்டாண்டில் டீ, பெட்ரோல் நெடி எதுவும் அவனை எட்டவில்லை. எரிந்த கரும்பின் இனிப்பும் கரியும் கலந்த ஒரு வாடை மட்டும் ஜாக்கெட் காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் பாட்டையே நிறுத்திப் பார்த்தான். பாட்டு இருந்தால்தானே இடைவெளி என்று ஒரு கணக்கு. அது எவ்வளவு மடத்தனம் என்பது கரும்புக்காட்டுக்குள் நுழைந்ததும் விளங்கியது. பாட்டே இல்லையென்றால் முழு சாலையும் இடைவெளிதான். ஒன்பது மைலும் அது கூடவே வந்தது, வண்டியின் வேகத்துக்குச் சமமாக, இடப்பக்கக் கரும்புக்குள், மண்ணைச் சுரண்டிச் சுரண்டி. கடைசி மைலில் அது சுரண்டுவதை நிறுத்தியது. பின் சீட்டு லேசாக அமுங்கியது. சீட்டில் யாரும் இல்லை. ஓபோண்டோ ஒற்றைக் கையால் தடவித் தடவிப் பெட்டியைப் போட்டான். முதல் அடி அதிர்ந்ததும் சீட்டு மேலே எழும்பியது.

அன்று சாயங்காலமே டோபியாஸின் கடைக்குப் போனான். போன் கவரும் சார்ஜரும் தொங்குகிற அந்தத் தகரக் கடையில்தான் ஊருக்கே பாட்டு ஏற்றுவார்கள். டோபியாஸ் கார்டைச் செருகி, கம்ப்யூட்டரில் பார்த்தான்.

“பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல எல்லா எடமும் ரெண்டு செகண்டுதான் மாப்ள. நீயே பாரு. இதுல என்ன நீளம் இருக்கு?”

“எடமே வேணாம். ஒரு பாட்டு முடியறதுக்கு முன்னாடி அடுத்தது ஏறிரணும். ஊசி நுழைய எடம் இருக்கக் கூடாது.”

“கல்யாண வீட்டுக்குத்தான் அப்படிக் கேப்பாங்க. உனக்கு என்ன, புள்ள வரப்போற கொண்டாட்டமா?”

“ஆமா.”

“அப்ப உன் பேரையும் போட்டுத் தர்றேன். காசு வேணாம், புள்ளைக்கு என் சார்புல.” டோபியாஸ் மைக்கை வாயருகே பிடித்துத் தன் கரகரப்பான குரலில் முழங்கினான். “ஓபோண்டோஓஓ! கரும்புக்காட்டுச் சிங்கம்!”

மூன்று மணி நேரம் ஓடுகிற ஒரே கலவை. ஒரு பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டோபியாஸ் அவன் பெயரைச் சொல்லிக் கர்ஜித்தான். இரண்டு வாரம் நிம்மதி. ஓபோண்டோ மறுபடி சாப்பிட்டான், ஸ்டாண்டில் மறுபடி சீட்டு ஆடினான். ராபுருவின் மனைவி சந்தையில் எதிர்ப்பட்டபோதுகூட நின்று, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். இவ்வளவுதானா என்று அவனுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியது பெரிய தப்பு.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கேயோ வாசல்படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காரில் போகலாம் என்றால் சந்தை நாள், ஒரு காரும் இல்லை. அவள் மஞ்சள் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருபக்கமாகக் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“பாட்ட நிறுத்துய்யா. மண்டைய இடிக்குது.”

“நிறுத்த முடியாது.”

“ஏன் முடியாது? திருகுனா நிக்கப்போவுது.”

“ஆஸ்பத்திரி வந்ததும் நிறுத்தறேன். இந்த ஒரு தடவ பொறுத்துக்க.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “என்கிட்ட எதையோ ஒளிக்கற நீ. எத்தன நாளா பாத்துட்டிருக்கேன். இரு, புள்ள பொறக்கட்டும், உன்ன வச்சுக்கறேன்.” பிறகு வலி வந்து, பேச்சை நிறுத்தி, அவன் ஜாக்கெட்டைப் பிடித்தாள். “நான் கூப்பிட்டா எப்படிக் கேக்கும் உனக்கு?”

“முதுகுல ரெண்டு தட்டுத் தட்டு. உடனே நிறுத்திருவேன்.”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அவள் மன்னித்துக்கூட இருப்பாள். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், பிறகு மன்னித்திருப்பாள். ஆனால் ஏற்றிவிட வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் கிக்கரை உதைத்தான்.

கரும்புக்காட்டுக்குள் வெயில் சாய்ந்து தோகைகளின் நுனியில் மட்டும் இருந்தது, கீழே சாலை ஏற்கெனவே மங்கிவிட்டது. பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, முட்டையைக் கொண்டுபோவதுபோல ஓட்டினான். முதுகில் அவள் நெற்றியின் சூடு. பின்னால் பெட்டி அதிர்வது அவள் வயிற்றிலும் அதிரும் என்று நினைத்து வால்யூமைக் கொஞ்சம் குறைத்தான். அந்த நேரம் பார்த்துக் கலவையில் அவன் பெயர் வந்தது.

“ஓபோண்டோ.”

டோபியாஸ் இல்லை. கர்ஜனை இல்லை. காய்ந்த தொண்டை.

விரல் தானாகத் திருகைக் கூட்டியது. மேளம் மேல் மேளம் ஏறியது. அதற்கு நடுவில், பாடகனின் குரலுக்குச் சமமாக, பாட்டிலேயே சேர்த்துப் பதிந்ததுபோல மறுபடி அது வந்தது. இப்போது அது ராபுருவின் குரலாக இல்லை.

“யோவ், ஓபோண்டோ. நிறுத்து.”

முதுகில் இரண்டு தட்டு.

பிரேக்கை அழுத்தி நிறுத்தி, பாட்டை மட்டும் ஓடவிட்டுத் திரும்பினான். அக்கேயோ கண்ணை மூடியிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். நின்றது தெரிந்து கண்ணைத் திறந்தாள்.

“ஏன் நிறுத்தின?”

“நீ கூப்பிட்டியே! தட்டினியே!”

“நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையும் உன் சட்டையத்தான் பிடிச்சிருக்கு. போய்யா!” வலி மறுபடி வந்து அவள் குரலை முறித்தது. “நின்னு நின்னு போனா வழியிலயே பொறந்துரும். இனிமே நானே கூப்பிட்டாலும் நிறுத்தாத. போ!”

போனான்.

முன்பைவிட வேகமாக. பாலத்துக்கு இன்னும் ஒரு மைல். பாலம் தாண்டி இரண்டு மைலில் தார்ச் சாலை, அதன் முனையில் ஆஸ்பத்திரி. விளக்கு வெளிச்சத்தில் செம்மண் புழுதி எழுந்து எழுந்து விழுந்தது. எரிந்த வாடை காலரிலிருந்து மேலே ஏறியது. பெட்டி வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

“ஓபோண்டோ, நிறுத்து. வழுக்குது.”

அக்கேயோவின் குரல். அச்சு அசலாக.

திரும்பவில்லை. அவளேதான் சொன்னாள்.

“யோவ், துணி சக்கரத்துல சிக்குது. நிறுத்துய்யா.”

எதெல்லாம் தெரிந்திருக்கிறது இதற்கு. துணிகூடத் தெரிந்திருக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு தட்டு. இன்னும் இரண்டு. பிறகு தட்டல் இல்லை, குத்து. முஷ்டியால்.

கட்டைவிரல் திருகைக் கடைசிவரை தள்ளியது. அதற்கு மேல் திருகு போகாது. கைப்பிடியும் டேங்கும் அவன் பல்லும் ஒன்றாக அதிர்ந்தன. ஜாக்கெட்டை எதுவோ பின்னால் இழுத்தது, நன்றாக இழுத்தது, கழுத்தை அறுத்தது. விட்டது.

பாலம். குலுக்கல். ஏற்றம்.

வண்டி சுலபமாக ஏறியது.

மிகவும் சுலபமாக.

தார்ச் சாலை வந்தது. விளக்குக் கம்பங்கள் வந்தன. ஆஸ்பத்திரியின் வாசற்கதவு வந்தது. காவல்காரர் எழுந்து வந்து வண்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “என்னப்பா, யாரைப் பாக்கணும்?” என்றார்.

அவன் பின்னால் கையை விட்டுத் தடவினான். ரெக்சின் ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

வந்த வழியே எப்படித் திரும்பினான் என்பது அவனுக்குத் தெரியாது. பாலத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். பெட்டியிலிருந்து கார்டைப் பிடுங்கி எறிந்தான். ஆறு வாரத்தில் முதல் முறையாக அந்தச் சாலையில் அவன் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சாலையின் நடுவில் மஞ்சள் துணி கிடந்தது. பாதி கிழிந்து, கிரீஸ் கறையோடு. இரண்டு பக்கமும் கரும்பு ஒரு தோகைகூட ஒடியாமல் நின்றது.

“அக்கேயோ!”

“இங்க,” என்றது இடப்பக்கம். உடனே. பக்கத்தில்தான்.

உள்ளே பாய்ந்தான். தோகை முகத்தைக் கீறியது. பத்து அடி, இருபது அடி. மண்ணில் நகத்தால் சுரண்டிய தடம் இருந்தது. ஆள் இல்லை.

“ஓபோண்டோ, இங்கய்யா,” என்றது சாலைக்கு அந்தப் பக்கம். “எங்க போற நீ?”

திரும்பி ஓடினான். அங்கேயும் தடம். அங்கேயும் ஆள் இல்லை.

“இங்க இருக்கேன்.” வளைவுக்கு அப்பால்.

“சீக்கிரம் வாய்யா. வலிக்குது.” பாலத்துக்கு அடியில்.

“யோவ்.” அவனுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

எல்லாம் அவள்தான். எல்லாவற்றிலும் அவளுடைய அலுப்பு, அவளுடைய கோபம், வலி வரும்போது சொல்லை முறித்து விழுங்குகிற அவளுடைய பழக்கம். சாலை நெடுகிலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, ஒவ்வொரு புதருக்கு உள்ளேயும் அவள் கிடந்து அவனைக் கூப்பிட்டாள். அவற்றில் ஒன்று அவள். அது அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒன்றே ஒன்று.

அவன் கரும்புக்குள் மண்டியிட்டிருந்தபோது சாலையில் பைக்குகள் வந்தன. பாட்டை வைத்தே தெரிந்தது, முன்னால் வருவது ஓக்கும்பா, பின்னால் வருவது நியாங்காவ். ஸ்டாண்டு ஆட்கள். நாலு பேர் தேடினால் ஒரு மணி நேரத்தில் தேடிவிடலாம். “ஓக்கும்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினான். “நியாங்காவ்! நிறுத்துங்கடா! டேய்!” சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் தோகைகளில் ஓடி மறைந்தது. நியாங்காவின் பாட்டு அந்த இடத்தில் கொஞ்சம் பெரிதானதுபோல இருந்தது. வளைவு தாண்டிய பிறகு அது மறுபடி சின்னதானது.

அவன் விழுந்து எழுந்து சாலைக்கு வந்தான். இருட்டிவிட்டது. குரல்கள் குறையத் தொடங்கியிருந்தன. தூரத்தில் இருந்தவை முதலில், பிறகு நடுவில் இருந்தவை. கூப்பிடல் முனகலானது, முனகல் மூச்சானது. இதோ இது அடங்கியது. இது அவளா? அதோ அது அடங்கியது. அதுவா?

“பேசு! பேசிட்டே இரு! அக்கேயோ!”

எதுவும் பேசவில்லை. தோகைகூட உரசவில்லை.

அப்போது, இடப்பக்கம், உள்ளே எங்கோ, ஒரு குழந்தை அழுதது.

புதுக் குரல். தொண்டையில் இன்னும் தண்ணீர் இருக்கிற, முதல் முறை காற்றை இழுத்து விடுகிற அழுகை. உயிரோடு. ஓபோண்டோவின் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவன் அதை நோக்கி ஓடினான். சாலையின் விளிம்பில் கால் வைத்தான்.

வலப்பக்கம் ஒரு குழந்தை அழுதது.

நின்றான்.

பாலத்துக்கு அடியில் ஒன்று. வளைவில் ஒன்று. அதற்கு அப்பால் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. ஒன்பது மைல் கரும்பும் பசியெடுத்துக் கத்தத் தொடங்கியது, இரண்டு பக்கமும், ஒரே தொண்டையில், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் விட்டு. அவற்றில் ஒன்றுக்குக் குளிரும். ஒன்றின் மேல் எறும்பு ஏறும். ஓபோண்டோ இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி சாலையின் நடுவில் நின்றான். இடப்பக்கம் ஒரு அடி வைத்தான். அதைத் திரும்ப எடுத்தான். வலப்பக்கம் ஒரு அடி வைத்தான்.